மின்சாரம் போய் வரும்போதெல்லாம் பெருகிய சாக்கெட்டுகள்

"சர்வர் விழுந்துவிட்டது" என்று யார் அழைத்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குச் செய்தி போய் வருகிறதா? எதிர்முனையில் சிறு தயக்கம் இருக்கும். "இருங்கள் மேடம், கேட்டுச் சொல்கிறேன்" என்பார்கள். அந்தப் பதிலுக்காகக் காத்திருப்பதில் நட்டம் இல்லை. யாருக்குமே போகவில்லை என்றால் நிரல் நின்றிருக்கலாம், வட்டு நிரம்பியிருக்கலாம், யாரோ கேபிளைப் பிடுங்கியிருக்கலாம். உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்க, புதிதாக நுழைய முயல்பவர்கள் மட்டும் திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். சாக்கெட், அதாவது ஒவ்வொரு இணைப்புக்கும் சர்வர் தன் பக்கம் திறந்து வைக்கும் முனை, தீர்ந்துவிட்டது.

இந்தக் கோடையில் அப்படி ஒன்றோடு மல்லுக்கட்டினேன். இணையத்தில் தேடினால் கிடைப்பது "லிமிட்டை உயர்த்து" என்கிற ஒற்றை வரி. அந்த வரியின் மேல் எனக்குப் பழைய பகை உண்டு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்துத் தோல், காலணி நிறுவனங்கள் சிலவற்றுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பதும், வேறு யாரோ எழுதிவிட்டுப் போனதைப் பராமரிப்பதும் தொழில். இரண்டாவது வகைதான் அதிகம். இதுவும் அந்த வகைதான்: ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு காலணித் தொழிற்சாலை, அதற்குள் மட்டும் ஓடும் செய்திப் பரிமாற்றச் செயலி. கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், பேக்கிங் என்று ஒவ்வொரு லைனிலும் மேற்பார்வையாளர் மேசையில் ஒரு சின்னக் கணினி. அவற்றோடு ஸ்டோர், தரப் பரிசோதனை, பராமரிப்புப் பிரிவு ஆகியவற்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 170 கணினிகள். பேரணாம்பட்டில் இருக்கும் சிறிய யூனிட்டில் இன்னும் இருபது. "மூன்றாம் லைனில் 40ஆம் நம்பர் நூல் தீர்ந்துவிட்டது", "38 சைஸ் இடது அப்பர் குறைகிறது", "ஏழாவது மெஷின் ஊசி உடைகிறது, ஆள் அனுப்பவும்". இப்படிப்பட்ட செய்திகள்தான். வாட்ஸ்அப் போதாதா என்று கேட்கலாம். லைனில் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரின் புது மாடல் படம் வெளியே போய்விடக் கூடாது என்பது ஒப்பந்தம்.

ஒவ்வொரு கணினியும் காலையில் ஓர் இணைப்பைத் திறந்தால், மாலை வரை அதையே வைத்திருக்கும். சர்வர் லினக்ஸில் ஓடும் பைதான் நிரல். ஓர் இணைப்புக்கு ஒரு த்ரெட், அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை. எழுதியவர் நல்ல நிரலாளர்தான், குறியீட்டைப் படித்தாலே தெரிகிறது. ஆனால் மின்சாரம் போகாத ஊரில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

ஏப்ரல் பிறந்ததிலிருந்து புகார் தொடங்கியது. சில நாள் மதியத்துக்கு மேல், சில நாள் மாலை ஷிப்ட் மாறும்போது, புதிதாக யாரும் உள்நுழைய முடியவில்லை. தொழிற்சாலையின் கணினிப் பிரிவினர் தினமும் காலையில் ஷிப்டுக்கு முன்னால் சர்வரை ரீஸ்டார்ட் செய்வதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். அதுவும் போதாமல் மதிய உணவு நேரத்திலும் ஒரு ரீஸ்டார்ட். எனக்கு ரீஸ்டார்ட் மீது கோபம் ஏன் என்றால், அது சாட்சிகளை எல்லாம் சேர்த்து அழித்துவிடும். அடுத்த முறை நின்றால் எதையும் தொடாமல் என்னைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி வைத்தேன்.

கூப்பிட்டார்கள். தொலைவிலிருந்தே நுழைந்து பார்த்தால், பதிவுக் கோப்பில் ஒரே வரி ஆயிரக்கணக்கில்: "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்". அதோடு ஒரு பிராசசர் கோர் நூறு சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த இரண்டும் ஒன்றாக வருவது தற்செயல் அல்ல. லினக்ஸில் ஒவ்வொரு சாக்கெட்டும் நிரலுக்கு ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டராக, அதாவது திறந்து வைத்திருப்பதைக் குறிக்கும் ஓர் எண்ணாகத் தெரியும். திறந்த கோப்புக்கு உள்ள அதே கணக்கு. ஒரு நிரலுக்கு வழக்கமாகக் கிடைக்கும் மென் வரம்பு (தேவைப்பட்டால் உயர்த்திக்கொள்ளக்கூடியது) 1024. அது தீர்ந்ததும், வாசலில் காத்திருக்கும் புது இணைப்பை எடுக்க நிரல் கேட்கும், இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் மறுக்கும், நிரல் பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு மறுபடி கேட்கும். காத்திருக்கும் இணைப்பு அங்கேயே இருப்பதால் "வேலை இருக்கிறது" என்று கெர்னல் உடனே எழுப்பிவிடும். நிரல் இப்படியே ஓயாமல் சுற்றும். கோர் சூடாவது அதனால்தான். பதிவுக் கோப்பு வீங்குவதும் அதனால்தான்.

என்னோடு வேலை செய்யும் தம்பி குடியாத்தத்துக்காரர், கல்லூரி முடித்து நேராக இங்கே வந்தவர். "அக்கா, வரம்பை 65535 ஆக்கிவிடலாமா? ஒரு வரிதான்" என்றார். ஆக்கலாம். ஆனால் 190 கணினிகள் இருக்கும் இடத்தில் ஆயிரம் சாக்கெட் எங்கே போனது என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. கசியும் தொட்டியைப் பெரிதாக்கினால் கசிவு நிற்காது. வேலூர்க்காரர்களுக்குத் தண்ணீர்க் கணக்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்ணிப் பார்ப்பதுதான் வழி. சும்மா எண்ணினால் போதாது, நிலைவாரியாக எண்ண வேண்டும். டிசிபி என்பது இரு கணினிகள் எதுவும் விட்டுப்போகாமல் பேசிக்கொள்வதற்கான நெறிமுறை; அதன் இணைப்பு ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு நிலையில் இருக்கும். எந்த நிலையில் குவிந்திருக்கிறது என்பதே பழி யார் மேல் என்று பாதி சொல்லிவிடும். எஸ்எஸ் என்ற கட்டளை அதைக் காட்டும். பழைய ஆட்கள் நெட்ஸ்டாட் பயன்படுத்துவார்கள். டைம்-வெயிட்டில் குவிந்திருந்தால் யாரோ இணைப்புகளைப் படபடவென்று திறந்து திறந்து மூடுகிறார்கள். க்ளோஸ்-வெயிட்டில் குவிந்திருந்தால் எதிர்முனை மூடிவிட்டது, நம் நிரல் மூடவில்லை. எஸ்டாப்ளிஷ்டு, அதாவது இணைப்பு நிலவுகிறது என்ற நிலையில் குவிந்திருந்தால்? அதுதான் ஏமாற்றும். அந்தச் சொல்லைப் பார்த்ததும் எல்லாம் உயிரோடு இருப்பதாகத் தோன்றும்.

இங்கே குவிந்திருந்தது எஸ்டாப்ளிஷ்டில்தான். அடுத்து முகவரிவாரியாகப் பிரித்தேன். 47 என்று முடியும் ஒரு முகவரியிலிருந்து மட்டும் ஐந்து இணைப்புகள். அது நான்காம் ஸ்டிச்சிங் லைன் மேசைக் கணினி. அதில் ஓடும் செயலி ஒன்றே ஒன்று. ஓர் இணைப்புக்கு மேல் திறக்கவே திறக்காது. இதில் இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. ஐந்து இணைப்புகளின் போர்ட் எண்களும் (ஒரு கணினிக்குள் இணைப்புகளைப் பிரித்தறியும் எண்கள்) 49,700-ஐ ஒட்டியே இருந்தன. விண்டோஸ் தன் தற்காலிக போர்ட்டுகளை 49,152 தொடங்கி 65,535 வரை வைத்திருக்கிறது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் கணினி என்றால் எண்கள் மேலே ஏறிப் பரவியிருக்க வேண்டும். எல்லாமே தொடக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றால், ஒவ்வொரு இணைப்பும் கணினி அப்போதுதான் எழுந்தவுடன் திறந்தது. நாள் நடுவில் ஒரு மேசைக் கணினி ஏன் ஐந்து முறை எழ வேண்டும்?

கேள்வியிலேயே பதில் இருக்கிறது என்று இங்கே வாழ்பவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் குறியீட்டை நான் திருத்துவதில்லை. எஸ்டாப்ளிஷ்டு எண்ணிக்கையை நிமிடத்துக்கு ஒரு முறை எழுதி வைக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். கோடு சரிவாக ஏறவில்லை. படிக்கட்டாக ஏறியது. 170-ஐ ஒட்டிக் கிடந்த எண், சில நிமிடங்களுக்குள் 340-ஐ ஒட்டித் தாவியது. கொஞ்ச நேரம் கழித்து 510-ஐ ஒட்டி மறுபடி தாவியது. பிறகு நெடுநேரம் சமதளம். பிறகு மறுபடி இரண்டு படி, 850 வரை. படிகள் எப்போதும் இரட்டையாகவே வந்தன. மின்தடை என்றால் ஒரு தடைக்கு ஒரு படிதானே வர வேண்டும்?

இதைத் தீர்த்தவர் தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன் பாய். ஜெனரேட்டர் அறையில் அவர் வைத்திருக்கும் நோட்டை வாங்கிப் பார்த்தேன். நீளவாட்டு லெட்ஜர். டீசல் வாடை. அட்டையில் நிறுவனத்தின் முகவரி இன்னும் "வட ஆற்காடு மாவட்டம்" என்றே இருக்கிறது. 1989இல் ஒரு முறை, 2019இல் ஒரு முறை மாவட்டம் பிரிந்து ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போன சங்கதி அந்த அட்டைக்குத் தெரியாது. உள்ளே நீல மையில் கோடு போட்டு: செட் ஆன், செட் ஆஃப், மீட்டர், டீசல் லிட்டர், கையெழுத்து. ஒரு நாள் விடவில்லை, ஒரு கட்டம் காலி இல்லை. நான் பார்த்த எந்த சர்வர் பதிவும் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

"பாய், நேற்று எத்தனை முறை கரண்ட் போனது?"

"இரண்டு முறை, மேடம்."

"என் கணக்கில் நான்கு முறை கணினிகள் அணைந்திருக்கின்றன."

அவர் சிரித்தார். "போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. செட்டிலிருந்து லைனுக்கு மாற்றும்போது நான்கைந்து நொடி இருட்டு. லைட்டுக்கு ஒன்றும் ஆகாது, மோட்டாருக்கும் ஒன்றும் ஆகாது. உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா?"

தாங்காது. சர்வர் அறைக்கு மட்டும்தான் யூபிஎஸ். லைன் மேசைகளுக்கு இல்லை. நோட்டில் இருந்த செட் ஆன், செட் ஆஃப் நேரங்களை என் ஸ்கிரிப்டின் கோட்டோடு ஒட்டிப் பார்த்தேன். கணினி எழுந்து செயலி திறக்கும் ஓரிரு நிமிடத்தைத் தள்ளிவிட்டால் ஒவ்வொரு படியும் ஒரு பதிவின் மேல் போய் உட்கார்ந்தது. கணக்கும் முடிந்தது: காலையில் 170, முதல் தடைக்குப் பின் 510, இரண்டாவதுக்குப் பின் 850, மூன்றாவது தடையில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் 1020. பேரணாம்பட்டின் இருபதையும், தரவுத்தளம், பதிவுக் கோப்பு வகையறாவையும் கூட்டினால் 1024 தாண்டிவிடும். கத்திரி வெயில் நேரத்தில், மாலையில் இடியும் சேர்ந்துகொண்டால், மூன்று தடை என்பது இங்கே பெரிய எண் அல்ல. மார்ச் வரை ஏன் புகார் வரவில்லை என்பதற்கும் இதுவே விடை.

சரி, இறந்த இணைப்பை சர்வர் ஏன் கண்டுகொள்ளவில்லை? கணினி ஒழுங்காக மூடினால், இணைப்பு முடிந்தது என்று ஒரு பாக்கெட் அனுப்பிவிட்டுப் போகும். மின்சாரம் போனால் அதற்கு நேரமே இல்லை. மறுமுனையில் இருக்கும் சர்வரின் கெர்னலுக்கு எதுவும் வராது. எதுவும் வராத இணைப்பும், யாரும் பேசாமல் அமைதியாக இருக்கும் இணைப்பும் டிசிபியின் கண்ணுக்கு ஒன்றே. இரண்டு நாள் மௌனமாக இருந்தாலும் அது இணைப்பை வெட்டாது. அது பிழை அல்ல. 1981இல் டிசிபியின் வரையறை ஆவணமான ஆர்எஃப்சி 793 வெளியான நாளிலிருந்தே அப்படித்தான். நடுவில் ஒரு கேபிள் அறுந்து மறுபடி ஒட்டினாலும் உரையாடல் தொடர வேண்டும் என்பதே நோக்கம்.

சர்வர் அந்தப் பழைய இணைப்பில் ஏதாவது ஒரு செய்தி அனுப்பியிருந்தால்கூட உண்மை தெரிந்திருக்கும். மீண்டும் எழுந்த கணினி "இப்படி ஓர் இணைப்பே எனக்குத் தெரியாது" என்று முறித்துவிடும். கணினி அணைந்தே கிடந்தால், லினக்ஸ் பதினைந்து முறை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு, கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனதும் கைவிட்டுவிடும். ஆனால் இந்த நிரலில் ஒரு நுணுக்கம். யார் எந்தச் சாக்கெட்டில் இருக்கிறார் என்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. நான்காம் லைன் மறுபடி உள்நுழைந்ததும் அட்டவணையில் புதுச் சாக்கெட் எழுதப்படும். பழையது பெயரில்லாமல் போய்விடும். அதன் த்ரெட் மட்டும், இனி வரவே வராத செய்திக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் யாரும் எதுவும் அனுப்பப் போவதில்லை. அதனால் அது இறந்த சேதி யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் டிசிபி வசதியான கீப்-அலைவ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நிரல் கேட்டு வாங்கினால்தான் வேலை செய்யும். இந்த நிரல் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் லினக்ஸின் இயல்பு அமைப்பு 7200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம் சும்மா இருந்த பிறகுதான் முதல் விசாரிப்பு. அதன் பிறகு 75 நொடிக்கு ஒன்றாக ஒன்பது விசாரிப்பு. ஆக, இரண்டு மணி பதினொரு நிமிடம். அதற்குள் இன்னொரு தடை வந்துவிடும்.

திருத்தியது இப்படி. ஒருவர் மறுபடி உள்நுழைந்தால், அட்டவணையை மாற்றுவதற்கு முன் அவருடைய பழைய சாக்கெட்டை மூடு. இது மட்டுமே முக்கால்வாசிக் கசிவை நிறுத்தியது, நான்கு வரி. மீதி, மறுபடி வராமலே போகிறவர்கள்: ஷிப்ட் முடிந்து மின்தடையோடு போனவர்கள், பழுதான கணினிகள். அவர்களுக்காகச் செயலிக்குள்ளேயே ஒரு விசாரிப்பு வைத்தேன். 30 நொடிக்கு ஒரு முறை சர்வர் ஒரு சிறு செய்தி அனுப்பும், செயலி பதில் சொல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லை என்றால் மூடு. கீப்-அலைவ் நேரத்தைக் குறைத்தால் போதாதா என்று தம்பி கேட்டார். கீப்-அலைவுக்குப் பதில் சொல்வது எதிர்முனையின் கெர்னல். செயலி உறைந்து கிடந்தாலும் கெர்னல் "இருக்கிறேன்" என்று சொல்லிவிடும். எனக்கு வேண்டியது செயலியின் வாக்குமூலம்.

வரம்பையும் உயர்த்தினேன், 8192-க்கு. கடைசியில், கசிவு நின்ற பிறகு. எண்ணிக்கை மறுபடி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா, அதற்கு இடம் வேண்டும்.

ஏறியது. படிக்கட்டாக அல்ல, எறும்பு ஊர்கிற மாதிரி. இந்த முறை க்ளோஸ்-வெயிட். பந்தியில் சாப்பிட்டவர் எழுந்து கை கழுவிவிட்டுப் போய்விட்டார், இலையை எடுக்க வேண்டியவர் எடுக்கவில்லை; அடுத்தவர் உட்கார இடமில்லை. க்ளோஸ்-வெயிட் என்பது அந்த எடுக்கப்படாத இலை. இதற்குக் கெர்னலில் காலக்கெடு எதுவும் கிடையாது. எந்த அமைப்பை மாற்றினாலும் போகாது. மூட வேண்டியது நிரல். நிரல் மூடும்வரை அது அங்கேயே இருக்கும். அதனால் க்ளோஸ்-வெயிட் குவிந்தால் நெட்வொர்க்கைக் குறை சொல்ல வழியே இல்லை, குறியீட்டைத்தான் படிக்க வேண்டும். படித்தால், தரப் பரிசோதனைப் பிரிவினர் அனுப்பும் படங்களில் வந்து நின்றது. தையல் பிசகிய அப்பரைப் படமெடுத்து அனுப்புவார்கள். படத்துக்குத் தனி இணைப்பு. பாதிப் படம் வந்திருக்கும்போது அவர்கள் ரத்து செய்தால் த்ரெட் பிழையோடு முடியும், ஆனால் "பாதியில் நிற்கும் படங்கள்" என்ற பட்டியலில் சாக்கெட் ஒட்டிக்கொண்டே இருக்கும். பைதான், யாரும் சுட்டாத பொருளைத் தானே துடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் எழுதியது. பட்டியல் சுட்டிக்கொண்டே இருந்தது. பிழை வந்தாலும் வராவிட்டாலும் மூடு என்று எழுதியதும் நின்றது.

மூன்றாவதாக ஒன்று, இதற்குச் சம்பந்தமே இல்லாதது போல வந்தது. செய்திகளையும் அவற்றின் "சேர்ந்தது", "படித்தார்" குறிப்புகளையும் ஸ்டோர் கணக்குச் சர்வருக்குக் கடத்தும் ஒரு சின்ன நிரல் உண்டு. ஒரு குறிப்புக்கு ஓர் இணைப்பு: திற, அனுப்பு, மூடு. இருபத்தைந்து பேர் இருக்கும் குழுவில் ஒரு செய்தி போட்டால் ஐம்பது குறிப்புகள். ஸ்டோர் சர்வர் ஒரு நாள் முழுக்க நின்றிருந்து மறுபடி வந்ததும், தேங்கிக் கிடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டத் தொடங்கிய கடத்தி, சிறிது நேரத்தில் "முகவரி ஒதுக்க முடியவில்லை" என்று நின்றது. இங்கே தீர்ந்தது ஃபைல் டிஸ்கிரிப்டர் அல்ல, போர்ட். ஓர் இணைப்பை முதலில் மூடுகிறவர் பக்கம் அது டைம்-வெயிட்டில் 60 நொடி கிடக்கும். லினக்ஸின் தற்காலிக போர்ட்டுகள் 32,768 முதல் 60,999 வரை, மொத்தம் 28,232. ஒரே இலக்கு முகவரி, ஒரே இலக்கு போர்ட் என்றால் நொடிக்கு 470 இணைப்புக்கு மேல் தொடர்ந்து திறந்து மூட முடியாது. ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதிலேயே அனுப்பு என்று மாற்றினேன். முடிந்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. டைம்-வெயிட் என்று தேடினால், டிசிபி-டிடபிள்யூ-ரீசைக்கிள் என்ற அமைப்பை 1 ஆக்கு என்று சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் மேலே வருகின்றன. அந்த அமைப்பு 2017இல் லினக்ஸ் 4.12 கெர்னலோடு நீக்கப்பட்டுவிட்டது. நீக்கியது நல்லதே. ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல கணினிகள் இருந்தால் அது சிலருடைய இணைப்பைக் காரணம் சொல்லாமல் கைவிடும். எங்கள் பேரணாம்பட்டு யூனிட்டின் இருபது கணினிகளும் அப்படித்தான் வருகின்றன. டைம்-வெயிட் வேண்டாத விருந்தாளி அல்ல. வழியில் தாமதமாகித் திரியும் பழைய பாக்கெட், அதே எண்ணில் திறந்த புது இணைப்புக்குள் புகுந்துவிடாமல் காப்பது அதன் வேலை. ஃபைல் டிஸ்கிரிப்டரையும் அது பிடித்து வைப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நேர்முகத் தேர்வுக்கு வருகிற பிள்ளைகள் பலரும் சொல்வதால். "ஒரு சர்வருக்கு 65,535 இணைப்புதான் முடியும், போர்ட் எண் 16 பிட் என்பதால்." இல்லை. சர்வர் பக்கம் எல்லா இணைப்புக்கும் ஒரே போர்ட்தான். இரு முனைகளின் முகவரியும் போர்ட்டுமாக நான்கும் சேர்ந்துதான் ஓர் இணைப்பு. போர்ட் தீர்வது ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்குத் திறந்துகொண்டே போகிறவருக்கு, அதாவது எங்கள் கடத்திக்கு.

எல்லாம் போட்ட பிறகு சோதித்தது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில். காலையில் ஒன்பதுக்குப் போய் மாலையில் வரும்; அன்று ஜெனரேட்டரை வைத்துத்தான் முழு ஷிப்டும். பாயிடம் முன்கூட்டியே சொல்லி, நடுவில் ஒரு முறை வேண்டுமென்றே செட்டை நிறுத்தி ஏற்றச் சொன்னேன். ஸ்டிச்சிங் லைன் பெண்கள் மெஷினில் இருந்து கையெடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம். பீஸ் கணக்கில் ஓடுகிற இடம். திரையில் எண் 170-இல் இருந்தது, பழையவை ஒன்றரை நிமிடத்தில் உதிர்ந்தன, புதியவை ஏறின, மறுபடி 170.

ஆனால் புதியவை ஏறிய விதம் பிடிக்கவில்லை. 170 கணினிகளும் ஒரே நொடியில் மின்சாரம் பெற்று, ஒரே மாதிரி எழுந்து, ஏறக்குறைய ஒன்றாகக் கதவைத் தட்டுகின்றன. காத்திருப்பு வரிசையின் நீளம் குறியீட்டில் 5 என்று இருந்தது, பாடப்புத்தக உதாரணங்களில் இருக்கும் அதே 5. வரிசை நிரம்பினால் லினக்ஸ் மறுப்புச் சொல்வதில்லை, கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கிளையன்ட் திரும்பத் திரும்பத் தட்டும், ஒவ்வொரு முறையும் இருமடங்கு காத்திருந்து. சிலர் உடனே உள்ளே, சிலர் கால் நிமிடம் கழித்து. வரிசையை 512 ஆக்கி, செயலி எழுந்ததும் 0 முதல் 20 நொடிக்குள் தோராயமாக ஏதாவது ஒரு நேரம் பொறுத்து இணையும்படி மாற்றினோம். அந்தத் தோராயத்தை எழுதியது தம்பி. முதல் பதிப்பில் எல்லாக் கணினிக்கும் ஒரே விதை எண் (அந்தத் தோராயக் கணக்கு தொடங்கும் எண்) கொடுத்திருந்தார், 170-உம் சரியாக ஒரே 13 நொடி காத்திருந்து ஒன்றாக வந்தன. சிரித்துவிட்டுச் சரிசெய்தார்.

காலை ரீஸ்டார்ட்டை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கணினிப் பிரிவில் ஒருவர் மட்டும் பழக்கத்தை விடாமல் செய்துகொண்டிருந்தார். அந்தக் கணக்கின் அனுமதியை எடுத்துவிட்டோம். இப்போது அதே சர்வரில் வட்டு நிரம்பி வருகிறது. தரப் பரிசோதனைப் படங்களை எத்தனை மாதம் வைத்திருப்பது என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். கொள்முதல் பிரிவு தரத்தைக் கேட்கச் சொல்கிறது, தரம் ஏற்றுமதியைக் கேட்கச் சொல்கிறது.